மேல்மண்

நானூறு அடிக்குக் கீழே
கருங்கல் பக்கத்தில் என்ன கிடக்கிறதென்று
என்னிடம் கேளுங்கள், சொல்கிறேன்.
எந்த வீட்டின் அடியில் பாறை வெடித்திருக்கிறது,
எந்த வீட்டில் பகல் முழுக்கத் துளைத்தாலும்
வெறும் புகைதான் வரும்.
பதினோரு வருடம் போர்வெல் வண்டியில் நின்றவன்.
இடது காது பாதி போய்விட்டது.

மேலே ஒரு சாண் மண்ணைப் பற்றி
ஜெசிந்தா கேட்டபோதுதான்
ஒன்றுமே தெரியாதென்று தெரிந்தது.

மார்த்தாண்டம் சந்தையில்
நூற்றிருபது ரூபாய்க்கு அவள் வாங்கிய கந்தராஜன்.
மூன்று மொட்டோடு வந்தது.
மூன்றும் திறக்காமலே பழுத்து விழுந்தன.
பிறகு இலை வெளுத்தது.
நரம்பு மட்டும் பச்சை, மீதியெல்லாம் மஞ்சள்.
சாணி போட்டோம்.
புளித்த கஞ்சித்தண்ணி ஊற்றினோம்.
அடுத்த வீட்டு டெல்பின் சார்
ஏதோ ஒரு உப்பின் பெயரை எழுதிக் கொடுத்தார்.
"மண்ணாக்கும் சரியில்ல" என்றாள்.
"வேற மண்ணு கொண்டாங்க."

கொண்டுவந்தேன்.
போன இடத்திலெல்லாம் ஒரு அரிசிச் சாக்கு.
முட்டத்துச் செம்மணல்.
தோவாளையில் பிச்சித் தோட்டத்து வரப்பு மண்;
தோட்டக்காரர் சிரித்துக்கொண்டே அள்ளவிட்டார்.
திங்கள்நகர்ப் பக்கம் தூர்வாரிய குளத்துக் கரம்பை.
குலசேகரத்தில் ரப்பர் இலை மக்கிய மண்,
அட்டை ஒன்றும் கூடவே வந்தது.
மணவாளக்குறிச்சிக் கருமணலை மட்டும்
அவள் முதலிலேயே விலக்கியிருந்தாள்.

ஜெசிந்தாவுக்கு விரல்நுனியில் தோல் நிற்பதில்லை.
பதினாறு வயதிலிருந்து அண்டியாபீஸ்.
தோட்டெண்ணெய் தின்ற விரல்கள்.
அதனால் மண்ணை
மணிக்கட்டின் உள்பக்கம் தேய்த்துப் பார்ப்பாள்,
பிள்ளைக்குப் பால் சூடு பார்க்கிற மாதிரி.
பிறகு நனைத்து, ஒரு பிடி இறுக்குவாள்.
முட்டம் கை திறந்ததும் ஓடிப்போயிற்று.
கரம்பை கொழுக்கட்டையாய் உட்கார்ந்து
தட்டியும் அசையவில்லை.
தோவாளையை அரை மணி நேரம் வைத்து யோசித்தாள்.
"பிடிச்சா நிக்கணும்,
பெருவிரலு தொட்டா உடையணும்.
வெள்ளம் இருக்கவும் வேணும், போகவும் வேணும்."
குலசேகரம் நின்றது. உடைந்தது.
சரி, அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை ரெண்டாம் பூசை முடிந்து
செடியைப் பெயர்த்துக் குழி தோண்டினேன்.
மண்வெட்டி கணீரென்றது.
சாம்பல் நிறம். இறுகிக் கிடந்தது.
வேர் அதில் இறங்க வழி தெரியாமல்
தன்னையே சுற்றிச் சுற்றி
நூல்பந்தாகியிருந்தது.
"இது என்ன மண்ணு?" என்றாள்.

அது மண் இல்லை.
எனக்குத் தெரியும்.
வீடு கட்டிய வருடம் எங்கள் கிணற்றில்
நானே துளைத்து மேலே கொண்டுவந்த பாறைமாவு.
பூச்சு வேலையில் மிஞ்சிய சிமெண்டும் சேர்த்து
முற்றத்தை மேடாக்கப் பரப்பியிருந்தேன்.
ஒரு லோடு மண்காசு மிச்சம் என்று
அன்றைக்குச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அவளிடம் சொன்னேன்.
பேசவில்லை.
மண்வெட்டியை வாங்கி அவளே தோண்டினாள்.
ஒன்றரைச் சாண் சாம்பல்.
அதற்கும் கீழே
சட்டென்று சிவப்பு.
எப்போதோ வெட்டிய கொல்லாமாவின் மக்கிய வேர்,
கண் கூசிச் சுருண்ட ஒரு மண்புழு.
ஒரு பிடி எடுத்து இறுக்கினாள்.
கையைத் திறந்தாள்.
பெருவிரலை வைத்தாள்.

"நாலு சாக்குக்கும் பஸ்ஸுல
லக்கேஜ் டிக்கெட்டு எடுத்தீங்களா?"
என்று மட்டும் கேட்டாள்.

சாம்பலை வேலியோரம் தள்ளி
அதில் அரளி வைத்தோம்.
அரளி எதையும் கேட்பதில்லை.
இடவப்பாதி மழை வந்து போயிற்று.
கந்தராஜனில் ஆறு புது இலை, ஆறும் பச்சை.
பூ இன்னும் இல்லை.
தினமும் காலையில் அவள் போய்ப் பார்க்கிறாள்,
அவள் போனபிறகு நானும்.

நேற்று பாலப்பள்ளத்தில் ஒரு புது வீடு.
முந்நூற்றெண்பதில் தண்ணீர்.
வீட்டுக்காரர் குவிந்த மாவைக் காட்டி
"முற்றத்துல பரத்திரலாமா?" என்றார்.
வண்டி இரைச்சல்.
நல்ல காதை அவர் பக்கம் திருப்பிக்கொண்டு
கேட்டேன்:
"செடி வைப்பியளா?"